தோட்டா நிறுத்த தராசு

"என்ர அப்பாவின்ர நேர்மைக்கு இருநூறு மார்க் எண்டு விலை சொல்லிப்போட்டான் இந்தக் கிளவுஸ்," என்றார் கதிர்காமநாதன், மடியில் இருந்த சின்னப் பித்தளைத் தராசைத் தடவியபடி.

"தராசுக்குத்தானே விலை கேட்டவர்?" என்றாள் மனைவி சுந்தரேஸ்வரி.

"ரெண்டும் ஒண்டுதான்."

கெல்சென்கிர்ச்சன் துப்பாக்கிச் சுடும் சங்கத்தில் அவர் ஒருவர்தான் தமிழர். ஜெர்மன் பாஸ்போர்ட் வந்த கையோடு சேர்ந்தவர். பரீட்சை எழுதி, தாமே தோட்டாவுக்கு வெடிமருந்து அடைக்க அனுமதியும் எடுத்துவிட்டார். முதன்முதலாக அடைத்த இருபதை இன்று சங்கத்துப் பயிற்சியாளர் கிளவுஸின் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். தேறினால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் சொந்தத் தோட்டா. தேறாவிட்டால் சங்கம் முழுக்கச் சிரிப்பு.

"கடையில வாங்கினால் என்ன, குறைஞ்சோ போவியள்?"

"மெசின் அடைக்கிறதும் நான் இதில நிறுத்து அடைக்கிறதும் ஒண்டோ? யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் அப்பாவின்ர கடையில பழைய நகையை இந்தத் தராசில போட்டு வித்தது. உம்மட அப்பா நாப்பது பவுண் எண்டு கொண்டந்த சீதனத்தையும் இதுதானே பிடிச்சது? முப்பத்தெட்டு. மனுசன் ஓடிப்போய் மிச்சம் ரெண்டையும் கொண்டந்த பிறகுதான் நான் மணவறையில இருந்தனான். ஞாபகமோ?"

"பதினாலு வருசமா நீங்கள் மறக்க விட்டாத்தானே. எழும்புங்கோ, கூப்பிடுகினம்."

முதல் ஐந்து குண்டுகளும் கறுப்பு வட்டத்துக்குள், ஒரு காசளவு இடத்தில் துளைத்தன. கதிர்காமநாதன் திரும்பி மனைவியைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். ஆனால் பிஸ்டல் துப்பிய வெற்றுக் கோதுகள் வழக்கமான இடத்தில் விழாமல், பக்கத்து மேடையையும் தாண்டிப் போய் உருண்டன.

கிளவுஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். மீதிப் பதினைந்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, மருந்தைச் சங்கத்துத் தராசில் கொட்டிப் பார்த்தார். நேரம் எடுத்தது.

"மருந்து நூற்றுக்கு ஐந்து கூட," என்றார் ஜெர்மனில். "இன்னும் சுட்டிருந்தால் பிஸ்டல் தாங்கியிருக்காது."

"இருக்காது. ஒவ்வொன்றையும் மூன்று தரம் நிறுத்தேன்."

"நம்புகிறேன். பதினைந்திலும் அச்சொட்டாக அதே அளவு கூட. இப்படியொரு கையை நான் பார்த்ததில்லை, கதிர். உன் கையில் பிழை இல்லை. உன் தராசுதான் எதைப் போட்டாலும் குறைத்துக் காட்டுகிறது."

சுந்தரேஸ்வரிக்கு ஜெர்மன் நன்றாகவே விளங்கும். காது மூடியை நிதானமாகக் கழற்றி வைத்தாள். பதினாலு வருடத்தில் முதல் தடவையாக அவள் தலை நன்றாக நிமிர்ந்தது.

"முப்பத்தெட்டோட நூற்றுக்கு ஐஞ்சைக் கூட்டினால் எவ்வளவு வரும், இஞ்சேருங்கோ?"

கதிர்காமநாதன் தராசைத் துணியில் சுற்றினார். நெடுநேரம் சுற்றினார்.

"உம்மட அப்பாவுக்கு ரெண்டு பவுண் பாக்கி," என்றார் கடைசியில்.

"ஓம். பதினாலு வருசக் கதையும் பாக்கி. அதைக் கிளவுஸின்ர தராசில நிறுப்பம்."