வலப்பக்க வளைவு

மூன்றாவது தடவையும் வலப்பக்க வளைவில் கார் அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

இடப்பக்கம் திருப்பினால் தங்கமான பிள்ளை. வலப்பக்கம் திருப்பினால் மட்டும் அந்தப் பக்கத்து உட்சில்லு நிலத்தை விட்டு எழும்பி வெறுமனே சுற்றியது. கார் தன் பாட்டில் வெளியே ஓடி, அடையாளத்துக்கு வைத்திருந்த தண்ணீர்க் கானை இடித்துத் தள்ளியது.

கிறிஸ்ரினா பிரேக்கைப் போட்டாள். வற்றிக் கிடந்த கட்டுக்கரைக் குளத்துத் தரையின் தூசி மொத்தமும் கண்ணாடியால் உள்ளே வந்தது.

அவள் புருஷன் ஜெயகாந்த் நடந்து வந்து கானை நிமிர்த்தி வைத்தான். கையில் போன். அதில்தான் நேரம் பிடிப்பான். காலையில் இருந்து ஒரு ஓட்டத்தின் நேரத்தையும் அவளுக்குச் சொல்லவில்லை.

"கார் பிழையில்லை. உன்ர கைதான் பிழை."

கட்டிய ஆறு வருடத்தில் அவன் அவளுடைய ஓட்டத்தைக் குறை சொன்னது இதுதான் முதல் தடவை. அதனால்தான் அவள் நம்பினாள்.

வழக்கமாக காரின் ஸ்பிரிங்கோ சொக் அப்சோபரோ மாற்றினால், அவளைக் காருக்குள் இருத்தி வைத்துத்தான் நான்கு பக்கத்து உயரத்தையும் சரிபார்ப்பான். ஓட்டுகிறவரின் பாரம் இருக்கையில் இல்லாமல் பிடித்த அளவு அளவேயில்லை என்பது அவன் கொள்கை. அவளும் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்து, நித்திரையாகி, அவனிடம் ஏச்சு வாங்குவாள்.

இந்த முறை ஸ்பிரிங் மாற்றுகிற நேரம் மடு மாதா கோயில் திருநாள் குறுக்கே வந்துவிட்டது. "நீ போய்க் கும்பிட்டிட்டு வா, நான் பாத்துச் செய்யிறன்" என்று அவனேதான் பஸ் ஏற்றிவிட்டான். மடுவில் மூன்று நாள் கூடாரத்தில் கிடந்து, அம்மா குடும்பத்துக்கு மெழுகுதிரி கொளுத்த, இவள் ஒருவருக்கும் சொல்லாமல் காருக்கு ஒன்று கொளுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை குருநாகலில் ஓட்டோகுறொஸ் போட்டி. அடையாளங்களைச் சுற்றி ஒவ்வொருவராக நேரம் பிடித்து ஓடுகிறது, ஆளுக்கு ஒரு நிமிடம் வரும். சித்திரையில் அதே போட்டியில் இருபத்திரண்டு பேரில் இரண்டாவதாக வந்தவள். இருபத்திரண்டில் பெண் அவள் ஒருத்திதான். இந்த முறை முதலாவதாக வரலாம் என்று அவளுக்கே தெரியும். நானாட்டான் கந்தோரில் நாள் முழுக்கப் படிவங்களுக்கு முத்திரை குத்துகிறவளுக்கு, இந்த உலகத்தில் தனக்கென்று இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

நாலாவது தடவையும் ஓடினாள். அதே வளைவு, அதே கூத்து.

"உனக்கு ஏலாட்டிச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை நான் ஓடுறன்."

அவன் அதைக் கானைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் ஸ்டியரிங்கில் கிடந்த தன் இரண்டு கைகளையும் யாரோ மூன்றாம் மனிசரின் கைகள் மாதிரிப் பார்த்தாள். பிறகு இறங்கினாள்.

"நீங்கள் ஒருக்கா ஓடிக் காட்டுங்கோ. நான் எங்க பிழைவிடுறன் எண்டு பாப்பம்."

அவன் மறுக்கவில்லை. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறி இருந்தான்.

அவன் பாரம் விழுந்ததும் காரின் வலப்பக்கம் மெல்லத் தணிந்தது. தணிந்து, மட்டமாக நின்றது.

கிறிஸ்ரினா குனிந்து பார்த்தாள். நான்கு சில்லுக்கு மேலும் ஒரே இடைவெளி, நூல் பிடித்தது போல. காலையில் இருந்து காருக்கு உள்ளேயே இருந்ததால் இது அவள் கண்ணில் படவில்லை. அவள் ஐம்பது கிலோ. அவன் எண்பத்தைந்து. அவள் இருந்தால் வலப்பக்கம் பாரம் போதாமல் எழும்பித்தான் நிற்கும்.

அவள் மடுவில் முழங்காலில் நின்ற நேரம், அவன் தன் பாரத்துக்கு நெல் மூட்டையோ எதையோ இருக்கையில் ஏற்றி வைத்து, தனக்கென்று அளவு பிடித்திருக்கிறான்.

ஏன் என்று அவள் கேட்கத் தேவையில்லை. சித்திரைக்குப் பிறகு முருங்கன் சந்தியில் அவனை 'கிறிஸ்ரினாவின்ர மெக்கானிக்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவன் அதைச் சிரித்துக்கொண்டுதான் வீட்டில் வந்து சொன்னான். அந்தச் சிரிப்பை நம்பிய மடைச்சி அவள்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு போட்டிதானே, ஓடுங்கோ என்றிருப்பாள். அதற்காக அவள் கையைப் பிழை என்று சொல்லியிருக்க வேண்டாம்.

அவன் காரை எடுத்தான். வலப்பக்க வளைவில் கார் பசை போட்டது போல் நிலத்தோடு ஒட்டித் திரும்பியது. ஒரு கானும் அசையவில்லை. கெட்டிக்கார வேலைக்காரன்தான், அதில் மட்டும் குறை சொல்ல முடியாது.

அவன் கடைசிக் கானைத் தாண்டியதும் போனைத் தட்டினாள்.

அறுபத்துமூன்று விநாடி.

மேலே அவளுடைய நாலு ஓட்டமும் வரிசையாக இருந்தன. கோணல் காரில், கானை இடித்து, பிழையான கையால் ஓடிய நாலு ஓட்டம். நாலும் ஐம்பத்தெட்டும் ஐம்பத்தொன்பதுமாக, அறுபதுக்குள்தான்.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டுதான் அவன் அவள் கையைப் பிழை என்று சொல்லியிருக்கிறான்.

அவன் காரை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க, பள்ளிக்கூடப் பொடியன் மாதிரி ஓடி வந்தான்.

"எவ்வளவு?"

அவள் அதற்குள் எல்லாவற்றையும் அழித்திருந்தாள்.

"ஐம்பத்தாறு."

கலியாணத்தன்றுகூட அவன் முகம் அப்படி மலர்ந்ததில்லை. அவள் அதை ஆசை தீரப் பார்த்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஓடுங்கோ. தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரையும் விடாமல் வரச் சொல்லுங்கோ."