நாற்பத்தொன்றாம் எண் லிஃப்ட்

மூவாயிரத்துச் சொச்சம் படங்களும் ஒரே ஃபோல்டரில் கிடந்தன, அழுக்குத்துணி மூட்டை மாதிரி.

லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் தலையில்தான். மெக்கானிக்குகள் ஐந்து பேரும் மாதாமாதம் ஒவ்வொரு லிஃப்டின் இரும்புக் கயிற்றையும் சோதித்து, செல்போனில் படமெடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினார்கள். லிஃப்ட் எண்ணையும் மாதத்தையும் பெயராக வைத்ததே பெரிய புண்ணியம். மூன்று வருடமாக அதில் ஒன்றைக்கூட யாரும் திறந்து பார்த்ததில்லை.

காலையில் மேனேஜர் வந்து நின்றார்.

"நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்கம்மா. லிஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள மாசவாரியா படம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடு."

கையால் பிரித்தால் ஒரு வாரம். கம்ப்யூட்டரே பிரித்துக்கொள்ளும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் அரை மணி நேரம். எழுதினாள்.

அவசரப்பட்டு நகர்த்திவிட்டு முழிக்கிற ஆள் இல்லை அவள். எந்தப் படம் எந்த ஃபோல்டருக்குப் போகும், அதன் அளவு என்ன என்று முதலில் பட்டியல் மட்டும் போடச் சொல்வாள். பார்த்து மனது ஒப்பினால்தான் நகர்த்தச் சொல்லி விசையைத் தட்டுவாள்.

பட்டியலில் ஒரே அளவு மறுபடி மறுபடி வந்தது. கடைசி பைட் வரை அதே எண். வெவ்வேறு படமென்றால் அப்படி ஒத்துப்போகாது.

தன் ஸ்கிரிப்ட்தான் எங்கோ உளறுகிறது என்று பயந்து வரிவரியாகப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. அனுப்பிய படங்களே அப்படித்தான் இருந்தன.

பதினோரு கட்டடங்கள். எட்டு மாதங்கள். எண்பத்தெட்டு ஃபைல்கள். எல்லாம் ஒரே படம்.

"சீ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

எவனோ ஒருவன் ஏதோ ஒரு நல்ல கயிற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, எட்டு மாதமாக அதையே பெயர் மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறான். மேலே ஏறிக்கூடப் பார்க்கவில்லை. கைக்குழந்தைக்காரிகள், நடக்க முடியாதவர்கள், எல்லோரும் அவனை நம்பி உள்ளே போய் நிற்கிறார்கள். வெட்கங்கெட்ட ஜென்மம். தின்கிறது எப்படித்தான் இவனுக்குச் செரிக்கிறது?

அவளே தினமும் ஆறாவது மாடிக்கு லிஃப்டில் போகிறவள். வீட்டில் மற்ற இரண்டு பேருக்கும் படிதான். கணவருக்குத் தொப்பை குறைய வேண்டுமாம், ஏழு வயது மகளுக்குக் கால் உறுதிப்பட வேண்டுமாம். பாப்பாவை லிஃப்டுக்குப் பழக்காதே என்று அவளுக்கும் கண்டிப்பு. அப்பாவும் மகளும் படியை எண்ணிக்கொண்டே மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் அவள் உலையே வைத்துவிடுவாள். தொப்பை மட்டும் இம்மியும் குறைந்தபாடில்லை.

இவன் யாரென்று தெரியட்டும், நேரே மேனேஜர் முன்னால் நிறுத்திவிடலாம் என்று படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். எண்ணெய் மினுங்கும் கயிறு. கீழ் ஓரத்தில் டார்ச்சைப் பிடித்த இடது கைக் கட்டைவிரல். நகம் பாதி கறுத்து, நடுவில் பிளந்திருந்தது.

அந்த விரலுக்கு மருந்து தடவிக் கட்டுப் போட்டவள் அவள்தான்.

ஐந்து மெக்கானிக்குகளில் ஒருவர் தன் கணவர் என்பது இவ்வளவு நேரத் திட்டலில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

சொன்னால் வேலை போகும். வேலையோடு நின்றால் நல்லது, போலீஸ் வரைக்கும்கூடப் போகலாம். சொல்லாமல் விசையைத் தட்டினால் போதும். எண்பத்தெட்டும் பதினோரு ஃபோல்டர்களுக்குப் பிரிந்துபோகும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறவருக்கு அது நல்ல கயிறு, அவ்வளவுதான். அவள் எழுதிய ஸ்கிரிப்டே அவரைக் காப்பாற்றிவிடும்.

அப்படி நினைத்த தன் மேலும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விரல் விசைக்குப் போயிற்று.

பட்டியலின் கடைசி வரியில் லிஃப்ட் எண் நாற்பத்தொன்று என்றிருந்தது. அவர்கள் குடியிருக்கும் கட்டடம்.

போன் அடித்தது. கணவர்தான். பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறார்.

"அரிசி, எண்ணெயெல்லாம் வாங்கியாச்சு, செம கனம். நீ வர்ற வரைக்கும் கீழேயே நிக்கிறோம். பையெல்லாம் எடுத்துக்கிட்டு நீ லிஃப்டுல போயிடு, நானும் பாப்பாவும் படியிலேயே வந்துடுறோம்."

சரி என்று சொல்லிப் போனை வைத்தாள்.

இந்தப் படியேற்றம் எப்போது ஆரம்பித்தது என்று எண்ணிப் பார்த்தாள். மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன வாரம். விரல்விட்டு எண்ணினாள். எட்டு மாதம்.

விசையிலிருந்து விரலை எடுத்தாள். ஸ்கிரிப்டில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள்: ஒரே படமாக இருப்பவை எல்லாம் ஒரு தனி ஃபோல்டருக்கு.

அந்த ஃபோல்டருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அவன் பெயரை இனிஷியலோடு முழுதாக அடித்தாள்.