அடையும் நேரம்

ஞானதுரை கட்டிய கோழிக்கூட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை, கோழிகள் அதில் அடைவதில்லை என்பதைத் தவிர. பொழுது சாய்ந்தால் எல்லாம் முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும். அங்கேதான் வெருகுப்பூனை வந்து நேற்றும் ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. கம்பிவலை அடித்தார், கூரைக்குத் தகரம் போட்டார், கதவு சாத்தினால் தானாக விழும் கொண்டி வைத்தார். கோழிகளோ வாங்கும் எண்ணமே இல்லாமல் கடை ஏறும் ஆட்களைப் போலக் கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டின.

“நீங்க அடைச்சா ஆச்சா? அதுகளா அடையணும்லா,” என்றாள் மனைவி பாக்கியசீலி.

“அதையுந்தான் பாப்போம்ளா!”

அரிசியை உள்மூலையில் தூவ அவரே தவழ்ந்து நுழைந்தார். கதவு சாத்திக்கொண்டது, வெளியே கொண்டி விழுந்தது. கோழிகள் ஒவ்வொன்றாக வந்தன. கூரைமேல் ஏறிச் சாவகாசமாக உட்கார்ந்தன.

“ஏளா, கொண்டியத் தூக்கு!”

“சத்தம் போடாதிய,” அடுக்களை வாசலிலிருந்து அவள் கிசுகிசுத்தாள். “இன்னைக்குத்தான் மரத்துக்குப் போவாம இருக்கு. நான் கிட்ட வந்தா பறந்துரும். நல்லா இருட்டுனா அதுகளுக்குக் கண்ணு தெரியாது, ஒவ்வொண்ணாத் தூக்கி உள்ள விட்டுருதேன். அதுவரை அசையாதிய.”

வெருகு முருங்கை மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. மரம் காலி. மெல்லக் கூட்டின் பக்கம் திரும்பியது. ஞானதுரை கம்பிவலையில் முகத்தை அழுத்தி, நாயைப் போல ஒருமுறை குரைத்துப் பார்த்தார். கோழிகள் அசையவில்லை. வெருகும் அசையவில்லை.

“இன்னும் கொஞ்சம் கோவமா,” என்றாள் பாக்கியசீலி.