தாரிணியின் காலுக்கு அடியில்

படக்கதை வரைபவரின் மேசையில் ஒரு பென்சிலும் ஒரு ரப்பரும் இருந்தன. கதைக்குக் கதை தாரிணி என்ற பெண் மாடியிலிருந்து விழுவாள். சூறாவளி என்ற வீரன் பறந்து வந்து பிடிப்பான். அலறல் இன்னும் பெரிதாகத் தெரியவேண்டுமென்று அவள் வாயை அழித்து அழித்தே ரப்பர் பாதி தேய்ந்திருந்தது.

இந்த முறை பென்சில் சொன்னது: "இன்னைக்கு அவன் பிடிக்க மாட்டான். இவ செத்துருவா."

ரப்பருக்கு மனசு கேட்கவில்லை. "ஏண்ணே?"

"அப்பத்தானே அவனுக்குக் கோபம் வரும்."

"தானா வராதா?"

"அதுக்கு அஞ்சு பக்கம் ஆகும். இவ செத்தா ஒரே படத்துல வந்துரும்."

"இவ டாக்டர்னு சொன்னீங்களே. ஒருநாளாவது யாருக்காவது ஊசி போட்டாளா?"

"எங்க? விழுறதுக்கே நேரம் சரியா இருக்கு."

பென்சில் சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. தாரிணி அந்தரத்தில் வாய் திறந்து தொங்கினாள். பென்சில் கோடுகளின் மேல் மை பூசிவிட்டால் பிறகு அழிக்க முடியாது. ரப்பர் மெல்ல நகர்ந்து, அவள்மேல் படாமல், அவளுக்குக் கீழே இருந்த மாடிகளை ஒவ்வொன்றாக அழித்தது.

"அண்ணே, அவ காலுக்கு அடியில ஒரு தரை போடுங்க."

பென்சில் கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒரு கோடு இழுத்தது.

தாரிணி அதில் காலூன்றி நின்றாள். வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். சூறாவளி இரண்டு கைகளையும் நீட்டியபடி வானத்தில் அப்படியே இருந்தான்.

"பாவம், கை வலிக்கும். அவரை இறக்கி விடுங்க," என்றாள். "எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."