மரத்துப்போன உதடு

ரமலான் மாதத்தில், பட்டப்பகலில், என் கீழுதட்டில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்ததை வருங்கால மாமனார் ஹாஜி புஷைப் பார்த்துவிட்டார்.

“நோன்பைத் திருட்டுத்தனமா முறிக்கிறவனுக்கு என் பொண்ணு கிடையாது, மஹ்ஜூப்!”

“விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்டது ஹாஜி. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினதுலேருந்து உதடு மரத்துக் கிடக்கு. ஒட்டியிருந்தா எனக்கெப்படித் தெரியும்?”

அவர் நம்பவில்லை. பல்லைப் பிடுங்கியவரும் தன்னோடு பள்ளிவாசலில் தொழுகிறவருமான டாக்டர் லஹ்லூவிடமே என்னை இழுத்துப் போனார்.

“கண்ணை மூடிக்க. உதட்டைத் தொடுவேன். தெரியுதா இல்லையான்னு சொல்லு.”

பஞ்சு பட்டது. “தெரியலை,” என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் படவில்லை. பிறகு ஊசிமுனை.

“தெரியலை.”

“நரம்புல அடி பட்டிருக்கு ஹாஜி. தப்பு என் மேலதான். பையன் சொல்றது நிஜம்.”

ஹாஜி என் நெற்றியில் முத்தமிட்டார். “மன்னிச்சுக்க மருமகனே. பெருநாள் கழிஞ்சதும் கல்யாணம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “ஏன்டா கழுதை, கண்ணை மூடிக்கிட்டிருந்தும் நான் தொட்டப்ப மட்டும் சரியா ‘தெரியலை’ன்னியே, எப்படி?”

நான் ஹாஜி போன வாசலைப் பார்த்தேன்.

“பயப்படாதே, ஹாஜிக்கு அது உறைக்கலை,” என்று முகக்கவசத்தை இறக்கினார். அவர் வாயிலிருந்து குப்பென்று புதினாத் தேநீர் வாசனை அடித்தது.