முதல் குட்டை மீன்

“அடேயப்பா! ரெண்டரை மாசத்தில இப்பிடியொரு வளர்த்தியோ?”

ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய அதிகாரி துரைசிங்கம் வாய் பிளந்து நின்றார். கோப்பெங் ஊரில், ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டை ஒன்றின் கரை. உதவியாளர் லியோனார்ட் இழுத்துப் போட்ட வலைக்குள் திலாப்பியா மீன்கள் துள்ளின. கார்த்திகையில் குட்டையில் விட்டபோது விரல் நீளம்தான். இப்போது ஒரு கைக்குள் அடங்கவில்லை.

அப்போது செம்பனை எண்ணெயில், அதாவது பாமாயிலில், லாரி ஓட்டிப் பார்க்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் போக மிஞ்சிய புண்ணாக்கு ஆலை வாசலில் குன்றாய்க் குவிந்து கிடந்தது. அதை மீனுக்குப் போட்டுப் பார்க்க, லியோனார்ட் தலைகீழாய் நின்று தண்ணீர் குடித்து அனுமதி வாங்கியிருந்தார். முதல் குட்டைக்கு வெளிநாட்டு மீன் தூள். இரண்டாம் குட்டைக்குப் புண்ணாக்கு. இரண்டுக்கும் தீனி போடுவது, முன்பு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய நல்லம்மாள்.

“இது முதல் குட்டை மீனல்லோ! வெளிநாட்டுத் தீனி எண்டால் சும்மாவே? உம்மட புண்ணாக்கு இதுக்குக் கிட்ட வருமோ? இரண்டாம் குட்டையை மூடும்.”

“சார், அதையும் ஒரு தடவ வலை போட்டுப் பாத்திடலாம்லா...”

“தேவையில்லை. இண்டைக்கே எழுதிப் போடுறன்.”

லியோனார்டுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருட அலைச்சல், மூன்று நிமிடத்தில் முடிந்தது.

தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்து, மஞ்சள் சேலையில் ஒதுங்கி நின்றிருந்த நல்லம்மாள் முன்னே வந்தாள். அதிகாரிக்கென்று கொண்டுவந்த கத்தரிக்காய்க் கூடையைக் கீழே வைத்தாள். காய்கள் ஒவ்வொன்றும் தேங்காய் கணக்காய் இருந்தன.

“ஐயா, வேலைய விட்டு நிறுத்தினாலும் சரி, சொல்லிடுறேன். கார்த்திகையிலேருந்து நான் விரதம். உசிரோட நீந்துற மீனுக்குத் தீனி போடுறது புண்ணியம். ஆனா அந்த மீன் தூளு, கருவாட்டு நாத்தம்! செத்த மீன விரதக் கையால எப்படித் தொடுறது?”

துரைசிங்கம் வலையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“அப்ப இந்த மீனெல்லாம்... என்னத்தைத் திண்டு வளர்ந்தது?”

“ரெண்டு குட்டைக்கும் புண்ணாக்குதான்யா போட்டேன். மீன் தூள் மூட்டையெல்லாம் எங்க வீட்டுக்காரரு இந்தக் கத்தரிச் செடிக்குக் கொட்டிட்டாரு.”