விபத்தில்லாத வருடம்

பிரசன்னா சார் அவள் புருஷனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடேயப்பா, என்ன கரிசனம்! ஓசூர் தொழிற்சாலைக்கே தலைவர். மாதேஷ் அங்கே பிரஸ் மெஷின் ஓட்டிய இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவனை ஏறெடுத்துப் பார்க்காத மனுஷன். இன்று ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு இந்த ஒற்றை அறைக்குள் வந்து, அவனுக்குக் காலர் சரி செய்கிறார்.

மாதேஷ் வலது கையைத் தூக்கிப் பிடித்திருந்தான். கட்டுக்குள்ளே மூன்று விரல் இல்லை.

விரல் போன மறுநாளே கம்பெனி கார் வாசலில் வந்து நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்றுதான் நினைத்தாள், பைத்தியக்காரி.

வேலைக்காம்!

வேலை என்றால் வேலை இல்லை. கார்டை மெஷினில் காட்டிவிட்டு ஒரு ஏசி அறையில் போய் உட்கார வேண்டும். வலியில் முனகலாம். தூங்கலாம். வந்ததாகப் பதிவாக வேண்டும், அவ்வளவுதான்.

அடிபட்டவன் ஒரு நாள் வராமல் போனால் அது விபத்து. வந்துவிட்டால் விபத்தே நடக்கவில்லை.

விபத்தே நடக்காத வருடம் என்றால் பிரசன்னாவுக்குச் சம்பளம் போகப் பெரிய தொகை. உற்பத்தி கூடினால் அதற்கும் மேலே ஒரு தொகை. இரண்டும் சேர்ந்தால் இந்தத் தெருவையே வாங்கிப் போடலாம் என்று மாதேஷ் சொல்லியிருந்தான்.

உற்பத்தி கூடத்தான் கூடியது. கூடாமல் என்ன செய்யும்? கை உள்ளே போனால் பிரஸ் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் இருந்தது. சும்மா சும்மா மெஷின் நிற்கிறது என்று அதை அணைத்து வைக்கச் சொன்னது யார்? இதோ, குனிந்து பொத்தான் போடுகிற இந்த மகராசன்தான்.

இன்று மார்ச் முப்பத்தொன்று. கம்பெனி வருடத்தின் கடைசி நாள்.

மாதேஷுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. இன்று வர முடியாது என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினாள். அதற்குத்தான் பெரியவரே ஓடி வந்திருக்கிறார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்மா. நாளையிலேர்ந்து எத்தனை நாள் வேணாலும் ரெஸ்ட் எடுக்கட்டும். பர்மனென்ட் ஆர்டர் என் டேபிள்லயே இருக்கு."

பர்மனென்ட். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாளும் அவளே தலை வாரிவிட்டு, தோளைப் பிடித்துக் காரில் ஏற்றி அனுப்பினாள். நினைத்தால் அவளுக்கே கூசியது.

"அந்த மெஷின்ல இப்ப யாரு சார்?"

"ஒடிசாலேர்ந்து ஒருத்தன் வந்திருக்கான்."

"சென்சார் போட்டாச்சா?"

அவர் கடைசிப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஷிப்ட் முடியட்டும்மா. டார்கெட்டுக்குக் கொஞ்சம்தான் பாக்கி."

தூ!

வாயில் ஊறியதை விழுங்கினாள். கட்டுப் போட்ட கையை மூஞ்சிக்கு நேரே வைத்துக்கொண்டு சொல்கிறானே, மனுஷனா இவன்!

ஆணியில் மாட்டியிருந்த கார்டை எடுத்தாள். கொடுக்கத்தான் எடுத்தாள். கை முந்தானைக்குள் போய் அதை இடுப்பில் செருகிவிட்டது.

பிரசன்னா நிமிர்ந்தார்.

"கார்டு எங்கம்மா?"

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆளும் கார்டும் சேர்ந்து போனால்தான் பதிவு. அப்புறமாகக் கையால் எழுதிச் சேர்த்தால் ஏன் என்று கேட்டுக்கொண்டு மும்பைத் தலைமை ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிடுவான். வந்தால் மாதேஷின் கையையும் பார்ப்பான், பிரஸ்ஸையும் பார்ப்பான்.

பிரசன்னா அலமாரியைக் கிளறினார். டிவிக்குப் பின்னால் துழாவினார். அரிசி டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே கார் ஹாரன் அடித்தது.

"மாதேஷ், எங்கப்பா வெச்சே?"

மாதேஷ் ஆணியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இடுப்போடு முந்தானையை அவள் இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தான்.

விரலைப் பறிகொடுத்தவன் அவன். பர்மனென்ட் ஆகப்போவதும் அவன்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மாதேஷ் மெல்லக் கட்டிலில் சாய்ந்தான்.

"கட்டிலுக்கு அடியில விழுந்திருக்கும் சார்."

பிரசன்னா பேண்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு மண்டி போட்டார். குனிந்தார். தலை கட்டிலுக்கு அடியில் போனது.

மாதேஷ் இடது கையால் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். கழலவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டாள்.

"இங்க எதுவும் தெரியலையே," என்றது கீழேயிருந்து குரல்.

"நல்லாக் கையை உள்ள விட்டுப் பாருங்க சார்," என்றாள்.